ஐந்தாம் காலம்: ப்ரபந்நர்க்கு யோகம் எதற்கு?

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

யோகம் பயிலலாமா என்று நம் பாகவதர்கள் பலர் கேட்பதுண்டு. முதுகுவலிக்கும் உறக்கமின்மைக்கும் யோகப் பயிற்சி நல்லது என்று மருத்துவர் சொல்கிறார். எம்பெருமானையே உபாயமாகப் பற்றிய ப்ரபந்நன் வேறொரு ஸாதநத்தில் கை வைக்கலாமோ என்று உள்ளம் தயங்குகிறது. இவ்வையத்திற்கு நம் பூர்வாசார்யர்களின் சரித்திரத்தைக் கொண்டே விடை காண்போம்.

நம் ஸம்ப்ரதாயத்திற்கு யோகம் புதியதன்று. திருக்குருகூரில் புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் யோகத்தில் எழுந்தருளியிருந்தவர் நம்மாழ்வார். மதுரகவியாழ்வாரின் ப்ரபந்தத்தைப் பன்னீராயிரம் முறை அநுஸந்தித்த நாதமுனிகளுக்கு ஆழ்வார் நாலாயிரத்தையும் அருளினார்; அஷ்டாங்க யோக ரஹஸ்யத்தையும் அருளினார். அருளிச்செயலும் யோகமும் ஒரே திருக்கையிலிருந்து நமக்கு வந்த இரு செல்வங்கள் என்பது இங்கே நோக்கத்தக்கது.

நாதமுனிகள் தம் சிஷ்யரான உய்யக்கொண்டாரிடம் யோகத்தைப் பெற விருப்பமுண்டோ என்று வினவினார். வீட்டில் பிணம் கிடக்கையில் மணம் கொண்டாடுவார் உண்டோ என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். உலகோர் ஸம்ஸாரத்தில் அழிந்துகொண்டிருக்கத் தாம் மட்டும் தனியே பகவதநுபவத்தில் ஆழ்ந்திருக்க அவருக்குத் திருவுள்ளம் இல்லை. நாதமுனிகள் மிக உகந்து, அருளிச்செயலையும் தத்துவார்த்தங்களையும் பரப்பும் பொறுப்பை அவரிடம் வைத்தார். யோகம் குருகைக் காவலப்பனிடம் சென்றது.

பின்னர் ஆளவந்தார் அந்த யோகத்தைப் பெற விழைந்து அப்பனை அணுகினார். அப்பன் தாம் பரமபதம் எழுந்தருளும் நாளைக் குறித்துக் கொடுத்து, அந்நாளில் வந்து பெறும்படி பணித்தார். இதனிடையே திருவரங்கத்தில் அரையர் திருவாய்மொழி ஸேவித்தார். பத்தாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழி திருவனந்தபுரத்தைப் பற்றியது. அதன் எட்டாம் பாசுரத்தில் ஆழ்வார், அரவணையில் பள்ளிகொண்டவன் திருவடியைக் காண நடந்து செல்லுமாறு நம்மவர்களை அழைக்கிறார். அதைச் செவியுற்ற ஆளவந்தார் அக்கணமே திருவனந்தபுரத்திற்குப் புறப்பட்டார். அங்கே சென்ற பிறகே அப்பன் குறித்த நாள் அதுவே என்பது நினைவுக்கு வந்தது. இனித் திரும்பிச் சேர வழியில்லை. அந்த யோக ரஹஸ்யம் அத்துடன் நின்றது என்று குருபரம்பரை கூறும்.

இச்சரித்திரத்தை வாசிக்கும்போது நமக்கு வருத்தம் தோன்றுவது இயல்பே. ஆயினும் ஆளவந்தாரைத் தடுத்தது சோம்பலோ மறதியோ மட்டும் அன்று, ஆழ்வாரின் பாசுரம். யோகத்தின் பயன் எவனோ, அவன் திருவடிகளுக்கே பாசுரம் அவரை அழைத்துச் சென்றது. ஆகவே நம் ஸம்ப்ரதாயம் யோகத்தைப் பழித்து விட்டதென்று கொள்ளலாகாது. பயனைப் பற்றியவர்களுக்கு வழியைப் பற்றிய கவலை குறைந்தது என்றே கொள்ள வேண்டும்.

எம்பெருமானாரின் கீதா பாஷ்யமும் இதற்குத் துணை நிற்கிறது. ஆறாம் அத்யாயத்தில் கண்ணன் யோகிக்குத் தூய இடம், மிக உயரமும் மிகத் தாழ்வும் இல்லாத ஆஸநம், நேராக நிமிர்ந்த உடல், அளவான உணவு, அளவான உறக்கம் ஆகியவற்றை விதிக்கிறான். அத்யாயத்தின் இறுதியில் தன்னிடம் நெஞ்சு வைத்த பக்தனே சிறந்த யோகி என்கிறான். அங்குள்ள ஆறாம் வேற்றுமைக்கு ஐந்தாம் வேற்றுமைப் பொருள் கொண்டு, முன் சொன்ன யோகிகளில் ஒருவனாக அல்லாமல் அவர்கள் அனைவரினும் மேலானவனாக பக்தனை எம்பெருமானார் காட்டியருளுகிறார்.

யோகம் நம் அன்றாட வாழ்விலும் உண்டு. பாஞ்சராத்ர ஆகமம் ஒரு நாளை ஐந்து காலங்களாகப் பகுக்கிறது: அபிகமநம், உபாதாநம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம். காலையில் எம்பெருமானை அணுகுதல், ஆராதனத்திற்கு வேண்டியவற்றைத் திரட்டுதல், ஆராதித்தல், சாஸ்த்ரங்களை ஓதுதல் ஆகிய நான்கிற்கும் பின், இரவில் அவனை நெஞ்சில் நிறுத்தித் துயில்வதே ஐந்தாம் காலம். வேதாந்த தேசிகனும் தம் பாஞ்சராத்ர ரக்ஷையில் இவ்வநுஷ்டாநத்தை விரிவாக நிலைநாட்டியுள்ளார். ப்ரபந்நனுக்கு இது மோக்ஷத்திற்கான விலை அன்று. உகந்து செய்யும் கைங்கர்யம்.

இதை நடைமுறையில் கொள்வது கடினமன்று. படுக்கைக்குச் செல்லுமுன் கைகால் கழுவி, கைப்பேசியை அப்பால் வைத்து, முதுகு நிமிர அமரலாம். தரையில் அமர இயலாதவர்கள் நாற்காலியில் அமரலாம். மூச்சு இயல்பாக அமைதியுற்றதும் ஆசார்யர்களை நினைத்து, திருப்பாணாழ்வாரின் அமலனாதிபிரானைக் கைக்கொள்ளலாம். அது திருவடியில் தொடங்கி, திருப்பீதாம்பரம், திருநாபி, உதரபந்தம், திருமார்பு, திருக்கழுத்து, திருவாய், திருக்கண்கள் என்று ஏறிச் சென்று, நீலமேனி முழுவதிலும் நெஞ்சைப் பறிகொடுத்து, அவனைக் கண்ட கண்கள் வேறொன்றைக் காணா என்று முடிகிறது. ஒரு பாசுரத்திற்கு ஒரு திவ்ய அவயவம் என்று அதில் தங்கினால், பாசுரமே த்யாநத்திற்குப் படிக்கட்டாகும். திவ்யதேசங்களுக்கு நெடுந்தொலைவில் வாழும் அடியார்களுக்கு ஒவ்வோர் இரவும் இதுவே பெரிய பெருமாள் ஸேவை.

இனி ஆஸநப் பயிற்சியைப் பற்றி ஒரு சொல். இக்காலத்தில் உலகெங்கும் பரவிய ஆஸநப் பயிற்சியில் பெரும்பங்கு, ஸ்ரீவைஷ்ணவரான திருமலை க்ருஷ்ணமாசார்யர் (1888 – 1989) வழி வந்தது. தம்மை நாதமுனிகள் வம்சத்தவராகக் கொண்டவர் அவர். பயில்பவரின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பப் பயிற்சியை அமைக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய நெறி. அது நமக்கும் ஏற்றது. இவ்வுடல் எம்பெருமானின் சொத்து. அதைக் கண்டு செருக்குறுவதும் தகாது; வைராக்யம் என்ற பெயரில் பாழாக்குவதும் தகாது. நோயுற்றவர்களும் முதியவர்களும் தக்க ஆசிரியரிடம் கற்று, இயன்ற அளவே செய்வது நலம்.

ஆழ்வார் திருவனந்தபுரத்திற்கு நடக்கச் சொன்னார். நடக்கக் கால் வேண்டும். கோஷ்டியில் நெடுநேரம் நிற்க முதுகு வேண்டும். பாசுரத்தை இடையில் அறாமல் ஸேவிக்க மூச்சு வேண்டும். சந்நிதியில் விழுந்து எழ முழங்கால் வேண்டும். இவற்றைக் காலையில் சிறிது நேரம் பேணுவது கைங்கர்யத்திற்குக் கருவியைத் துலக்கி வைப்பது போன்றது. அப்படிப் பேணிய உடலை இரவில் ஐந்தாம் காலத்தில் அவன் திருவடியில் வைத்துத் துயில்வோமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.