குறித்த நேரத்தில் வேலை செய்யும் கணினி



தாங்கள் உபயத்திற்கு எழுதிக் கொடுக்கும் பெயர், நட்சத்திரம், நாள் யாவும் இன்று ஆலய அலுவலகக் கணினியில் உள்ளன. நகல் இல்லாத நிலையில் கணினி பழுதானால், தந்தையாரின் நினைவு நாளுக்கென நீங்கள் பதிந்த அர்ச்சனை விட்டுப்போகும். ஆகவே தினமும் இரவு 9.30க்குத் தானே நகல் எடுக்கும்படி கணினியைப் பழக்குவது எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

இம்முறை புதிதன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1979-இல் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே 'கிரான்' என்ற சிறு நிரல் இருந்தது. அது நிமிடத்திற்கு ஒரு முறை விழித்துப் பட்டியலைப் பார்க்கும். அந்நேரத்திற்குரிய வேலை இருந்தால் செய்யும். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் முதல் ஐந்து இடங்கள் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை ஆகியவற்றுக்கு உரியவை. அதன்பின் செய்ய வேண்டிய வேலை. நட்சத்திரக் குறிக்கு 'ஒவ்வொன்றும்' என்று பொருள்.

30 21 * * * என்றால் தினமும் இரவு 9.30.
30 21 * * 5 என்றால் வெள்ளிக்கிழமை மட்டும்.

விண்டோஸ் கணினியில் இதே பணியை 'டாஸ்க் ஷெட்யூலர்' செய்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கணினி எந்த ஊர் நேரத்தைப் பார்க்கிறது? 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி வைத்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அன்று முதல் உலகப் பொது நேரத்தைவிட நாம் 8 மணி நேரம் முந்தியிருக்கிறோம். கணினி அந்தப் பொது நேரத்தில் ஓடினால், அதன் இரவு 9.30 நமக்கு மறுநாள் காலை 5.30.

இரண்டாவது, அந்நேரத்தில் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த எண்ணி இரவு 9 மணிக்கே கணினியை அணைத்துவிட்டுப் போனோம். மூன்று வாரங்கள் நகலே இல்லை, தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம். தவறிய வேலையைக் கிரான் பிறகு செய்வதில்லை. விண்டோஸில், தவறியதைப் பின்னர் செய்யும்படி குறித்து வைக்கலாம்.

வீட்டுப்பாடம் கொடுத்தால் மட்டும் போதாது, திருத்தவும் வேண்டும் என்பது ஆசிரியர் தொழிலில் நான் கற்றது. இப்போது வாரந்தோறும் ஒருவர் நகலைத் திறந்து, ஓர் உபயச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். தாங்களும் தங்கள் உபயச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.