ஆண்டுக் குறிப்பேடும் எளிய இல்லறமும்

சித்திரை முதல் நாளில் கனி கண்ட கையோடு, 'இந்த ஆண்டு சிக்கனமாக இருப்போம்' என்று தீர்மானம் செய்துகொள்ளும் இல்லங்கள் பல. ஆடி பிறப்பதற்குள் அத்தீர்மானம் மறந்து போகிறது. மனவுறுதி போதவில்லை என்று காரணம் கூறிவிடுவது எளிது. உண்மையில் குறை வேறோரிடத்தில் இருக்கிறது. 'சிக்கனமாக' என்னும் அச்சொல்லில் எதில், எவ்வளவு, எதற்காக என்ற மூன்று வினாக்களுக்கும் விடையில்லை. அளவு குறிக்கப்படாத சங்கல்பம் நிறைவேறியதா இல்லையா என்று யாராலும் சோதித்தறிய முடியாது. இல்லறத்தார் தங்கள் ஆண்டு இலக்குகளை எவ்வாறு வகுத்துக்கொள்வது, அவற்றை வாரந்தோறும் எவ்வாறு கவனித்து வருவது என்பதை இம்மாதப் பாடத்தில் சிந்திப்போம்.

பதஞ்சலி முனிவர் யமங்கள் ஐந்தனுள் இறுதியாக அபரிக்கிரகத்தை வைத்தார். நியமங்களுள் சந்தோஷத்தை, அதாவது உள்ளது கொண்டு நிறைவடைவதைச் சேர்த்தார். தேவைக்கு மேல் ஏற்காதிருப்பதே அபரிக்கிரகம் என்றால், துறவிக்கு அதில் சிக்கல் அதிகமில்லை. இல்லறத்தாருக்கோ நாளைய தேவையும் இன்றைய தேவையே. பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம், தம் முதுமை ஆகியவற்றுக்குச் சேர்த்து வைப்பது அவர்களது தர்மம். ஆகவே அவர்கள் பயில வேண்டிய அபரிக்கிரகம் அளவறிதலில் தொடங்குகிறது. திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வருவாய் வரும் வழி குறுகியதாயினும், செலவாகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்னும் கருத்தைச் சொல்லி வைத்தார். அரசனின் வலிமையைப் பேசும் இடத்தில் இக்கருத்து வருவது கவனிக்கத்தக்கது. கருவூலத்துக்குப் பொருந்துவது அஞ்சறைப் பெட்டிக்கும் பொருந்தும்.

கணக்கராக வந்த காந்தியர்

எளிய வாழ்வையும் கணக்கையும் ஒருங்கே பயின்ற தமிழர் ஒருவர் உண்டு. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா இலண்டனில் கணக்காய்வுப் பயிற்சி பெற்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தியவர். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றார். இந்தியாவின் வறுமைக்கும் அரசின் வரிவிதிப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றித் தாம் எழுதியதை எடுத்துக்கொண்டு, 1929-இல் சபர்மதியில் காந்திஜியைச் சந்தித்தார். காந்திஜி அவரைக் குஜராத்தின் மாதர் வட்டத்துக்கு அனுப்பினார். அங்கே கிராமம் கிராமமாகச் சென்று, உழவர் குடும்பங்களின் வரவையும் செலவையும் எழுதியெடுத்த பின்னரே, வறுமை என்பது புத்தகச் சொல்லாக இல்லாமல் எண்களாக அவர் முன் நின்றது. 1934-இல் பீகாரில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது நிவாரண நிதியின் கணக்கைக் கவனிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. காந்திஜியின் பரிவாரத்துக்கு ஆகும் செலவைக்கூட அந்நிதியிலிருந்து கொடுக்க அவர் இசையவில்லை.

காந்திஜி அதற்காக வருந்தியிருக்க மாட்டார்; அவரே கணக்கெழுதிப் பழகியவர். 1888-இல் இலண்டனுக்குப் படிக்கச் சென்ற இளம் மோகன்தாஸ் நல்ல உடை, நடனப் பயிற்சி, வயலின் என்று சில காலம் அலைந்ததை நாம் அறிவோம். அப்போதும் அவர் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி, இரவு உறங்குமுன் இருப்பைச் சரிபார்த்து வந்தார். அந்தக் கணக்கேடுதான் அவரைத் திருப்பியது. வண்டிக் கட்டணம் எவ்வளவு ஆகிறது என்று கண்டதால் நடக்கத் தொடங்கினார். வாடகை மிகுதி என்று கண்டதால் இரண்டு அறைகளிலிருந்து ஓர் அறைக்கு மாறி, காலை உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். எளிமையை முதலில் முடிவு செய்து, பிறகு கணக்கெழுதத் தொடங்கியவர் அல்லர் அவர். கணக்கு முதலில் வந்தது. எளிமை அதன் பின்னால் வந்தது. இந்த வரிசையை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குமரப்பாவிடம் நாம் கற்க வேண்டியது இன்னொன்று. 1945-இல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' என்னும் நூலில் வாழ்க்கைத் தரத்தை 'உயர்ந்தது, தாழ்ந்தது' என்று பிரிப்பதை அவர் மறுத்தார். 'சிக்கலானது, எளியது' என்பதே சரியான பாகுபாடு என்பது அவர் வாதம். நிறையப் பொருள்கள் சூழ வாழ்பவரின் வாழ்க்கை சிக்கலானது. அதனாலேயே அது உயர்ந்ததாகி விடாது. மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபடுவோருக்கு இவ்விடம் தயக்கம் தரும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சுட்டப்படுவதைத் தமிழில் சில இடங்களில் சிக்கனம் என்றும், சில இடங்களில் எளிமை என்றும் எழுத வேண்டியிருக்கிறது. சிக்கனம் செலவைப் பற்றியது. எளிமை விருப்பத்தைப் பற்றியது. ஒருவர் மிகச் சிக்கனமாக இருந்துகொண்டே, அடுத்த வீட்டுக்காரரின் வண்டியை எண்ணி இரவெல்லாம் புழுங்கலாம். நம் ஆண்டுக் குறிப்பேட்டில் இரண்டுக்கும் இடம் வேண்டும்.

சூரியநெல்லியில் ஓர் ஆண்டு

இனி ஓர் உண்மையான ஊரில் வைத்து இதனைப் பார்ப்போம். இடுக்கி மாவட்டத்தில், சின்னக்கானல் ஊராட்சியில் உள்ளது சூரியநெல்லி. ஒருபுறம் கொழுக்குமலை, மலைக்குக் கீழே தமிழ்நாட்டின் தேனி மாவட்டம். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்து வரும் தமிழ்க் குடும்பங்கள் இங்கு மிகுதி. சாமான் வாங்குவதற்கும் திருவிழாவுக்கும் பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறங்குவது வழக்கம். (அரிசியை நிறையச் சேர்த்து வைக்க அஞ்சிய ஊரும் இதுவே. நியாயவிலைக் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் 'அரிக்கொம்பன்' என்று பெயர் பெற்ற யானையை 2023 ஏப்ரலில் இப்பகுதியிலிருந்து பிடித்து அகற்றினார்கள்.)

தோட்டக் குடும்பத்தின் ஆண்டு சனவரியிலோ சித்திரையிலோ தொடங்குவதாகச் சொல்வது பொருந்தாது. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும். அதே வாரத்தில் மழையும் இறங்கும். புத்தகப் பை, குடை, கம்பளி, காய்ந்த விறகு என எல்லாச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும். ஓணத்தை ஒட்டி போனஸ் வரும். அக்குடும்பத்தின் பொருளாதார ஆண்டு போனஸிலிருந்து போனஸ் வரைக்குமானது. இலக்குகளையும் அந்த நாளிலிருந்து எழுதத் தொடங்குவதே அறிவுடைமை. மாதச் சம்பளக்காரருக்கு அது ஏப்ரலாக இருக்கலாம். உழவருக்குத் தை மாதமாக இருக்கலாம். அவரவர் வீட்டுக்கு எந்த நாளில் ஆண்டு பிறக்கிறது என்று கண்டுகொள்வதே முதற்பாடம்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறு தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், முந்தைய ஆண்டில் 19 விழுக்காடாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தெருவில் அமர்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று அறியப்பட்ட அப்போராட்டத்தின் முடிவில், போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 விழுக்காடு கிடைத்தது. அப்போது அவர்களது நாட்கூலி 232 ரூபாய். பின்னர் அது 301 ஆயிற்று. 232 ரூபாயில் குடும்பம் நடத்துபவரிடம் சிக்கனத்தைப் போதிக்க நமக்குத் தகுதியில்லை. அவர்களிடம் சுருக்குவதற்கு ஏதுமில்லை, பெறுவதற்கே இருந்தது. எளிமை தானாக ஏற்பது. பிறர்மேல் சுமத்தப்படும்போது அதற்கு வறுமை என்று பெயர். அபரிக்கிரகத்தை உழைப்பவரின் கூலியைக் குறைப்பதற்கான சாக்காக யாரும் ஆக்கிக்கொள்ளலாகாது.

ஆயினும் கைக்கு வந்த தொகை எங்கே போகிறது என்று அறிவது, குறைந்த வருவாய் உடையவருக்கே மிகவும் தேவையாகிறது. 301 ரூபாய்க் கூலியில் ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 90,300 ரூபாய். அதில் 20 விழுக்காடு 18,060. கணவனும் மனைவியுமாக 36,120. இரண்டரை மாதத்துக்குச் சற்றுக் குறைவான வருவாய் ஒரே நாளில் கையில் இருக்கும். அந்தக் கிழமையில்தான் தொலைக்காட்சிப் பெட்டியும் தவணை வியாபாரியும் லயத்து வாசலுக்கு வருகிறார்கள். ஆனால் அந்தத் தொகைக்கு வேறொரு வேலை காத்திருக்கிறது. லய வீடு வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றவர், மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலைக்குப் பதிந்தாலன்றி, வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். பணிக்கொடையோ ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி. மேற்கண்ட கூலியிலேயே கணக்கிட்டால் முப்பது ஆண்டு உழைப்புக்கு 1,35,450 ரூபாய். கூலி பின்னர் உயர்ந்தாலும் விகிதம் இதுவே. போடியில் ஒரு மனையும் கூரையும் இதில் அமையாது. ஆகவே தோட்டத் தொழிலாளியின் குறிப்பேட்டில் முதல் வரியாக 'சிக்கனம்' என்று எழுதாமல் 'கூரை' என்று எழுதலாம். அதற்கு எதிரே ஒரு தொகையையும் எழுதலாம். எதற்காகக் குறைக்கிறோம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், குறைப்பது தண்டனையாகத் தோன்றாது.

எழுதும் முறை

ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்னும் பெண்மணி 1904-இல் குடும்பக் கணக்கேடு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். நூறாண்டுகளுக்குப் பின்னும் அந்நாட்டு இல்லங்களில் அவ்வழக்கம் தொடர்கிறது. அது பணத்துக்கானது. பெஞ்சமின் பிராங்க்ளின் இளமையில் வைத்திருந்த சிற்றேடு குணத்துக்கானது. பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டார், ஐந்தாவது சிக்கனம். ஒரு குணத்துக்கு ஒரு வாரம் என்று முதன்மை தந்து, தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி வைப்பார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. புதிய சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் துளை விழுந்ததால், பின்னர் தந்தத் தகடுகளில் எழுதித் துடைக்கலானார். தாம் நினைத்ததைவிடத் தம்மிடம் குறைகள் மிகுதி என்பதே அவர் முதலில் கண்டது. எழுதத் தொடங்கும் எவருக்கும் முதல் மாதத்தில் இதே அனுபவம் நேரும்; அதற்காக ஏட்டை மூடிவிடலாகாது.

தோரோவையும் இங்கே சிலர் எடுத்துக்காட்டுவர். வால்டன் குளக்கரையில் தாம் கட்டிய குடிலுக்கு ஆன செலவை ஆணி உட்பட எழுதி வைத்தவர் அவர். நல்ல முன்மாதிரிதான், ஆனால் அவர் தனியாள். ஜூன் மாதத்தில் குடை கேட்டு அழும் பிள்ளை அவருக்கு இல்லை.

குடும்பத்தில் இருப்பவர்கள் இலக்குகளைச் சேர்ந்தே எழுத வேண்டும். மூன்று அல்லது நான்கு போதும். 'மின்சாரத்தைக் குறைப்போம்' என்பதைவிட, சென்ற ஆண்டின் ஆறு ரசீதுகளை எடுத்து, கூட்டி, இவ்வாண்டு எத்தனை யூனிட் என்று எழுதுங்கள். 'தேவையற்றதை வாங்கோம்' என்பதைவிட, உணவும் மருந்தும் நீங்கலாக, 500 ரூபாய்க்கு மேற்பட்ட எப்பொருளையும் ஏட்டில் எழுதி முப்பது நாள் கழித்தே வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதாம் நாளில் அவ்வரியை மீண்டும் படிக்கும்போது, விருப்பம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கலாம். எளிமை என்று நாம் மேலே கூறியதை அளக்க இதனினும் எளிய கருவி இல்லை. அடித்துவிடப்பட்ட வரிகளின் எண்ணிக்கையே ஆண்டு முடிவில் அந்த அளவு.

எழுதும் கை யாருடையதாக இருந்தாலும், ஏடு எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கட்டும். பல வீடுகளில் கணக்கு என்றால் மனைவியின் செலவுக்கு மட்டுமே கணக்கு. பீடிக்கும் மதுவுக்கும் போவதை எழுத மறுக்கும் ஒருவர், மகளின் வளையலுக்குக் கணக்குக் கேட்பது தர்மமாகாது. இதில் விட்டுக்கொடுத்தால் ஏடு பொய்யாகிவிடும். சத்தியம் போன இடத்தில் அபரிக்கிரகம் மட்டும் தனித்து நிற்காது.

வாரம் ஒரு நாள், அரைமணி நேரம் கூடி அமர்ந்தால் போதும். கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் இதற்கு நல்ல துணை. பத்து முதல் இருபது பெண்கள் வாரந்தோறும் கூடிச் சிறுதொகையைச் செலுத்துகிறார்கள்; அது புத்தகத்தில் பதிவாகிறது. வாரம் 50 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 2,600. தனியே எழுதினால் தளர்ந்துபோகும் கை, பத்துப்பேர் நடுவில் தளர்வதில்லை.

ஆண்டின் நடுவில் நோயோ சாவோ வந்து இலக்கு சிதறிப் போகலாம். அவ்வாறு நேர்ந்தால் 'தவறினோம்' என்று எழுத வேண்டாம். என்ன நேர்ந்தது, எவ்வளவு ஆயிற்று என்று மட்டும் தேதியுடன் எழுதுங்கள். அடுத்த ஆண்டின் இலக்குகளை வகுக்கும்போது முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான். மருத்துவத்துக்கென்று எவ்வளவு ஒதுக்குவது என்பதை அப்பக்கமே சொல்லிவிடும்.