சலங்கையைக் கழற்றாதே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பதிவை மூன்று தடவை பார்த்தேன். சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெண்களை வைத்து அரை மணி நேரம் ஆடியிருக்கிறாய். மூன்று தடவையும் ஒரே இடம்தான் என்னை உறுத்தியது. பாதியில் சலங்கையைக் கழற்றி மேடை ஓரமாக வைக்கிறாய். அரைமண்டியிலிருந்து நிமிர்ந்து முட்டியை நேராக்குகிறாய். அதற்கப்புறம் தரையில் உருளுகிறாய், விழுந்து எழுகிறாய். அதுவரை பரதம், அதற்குமேல் கன்டெம்பரரி. மாநில எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்புவது மாதிரி இருக்கிறது. ஓசூர்க்காரர்கள் ஒரே பேச்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் பேசுகிறோம். எந்த வார்த்தைக்கு முன்னாலும் நின்று மூச்சு வாங்குவதில்லை. உன் உடம்பு மட்டும் ஏன் நிற்கிறது?

சலங்கையைக் கழற்றினால் விடுதலை என்று யார் சொன்னார்கள்? மேடைக்கு மேடை பார்த்துச் சலித்துவிட்டது. என் கதையைக் கேள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது ஒற்றை அறை வீடு. இரவு ஷிப்டு முடித்து வந்து அவர் பகலெல்லாம் தூங்குவார். சலங்கை கட்ட முடியாது, காலைத் தட்டவும் முடியாது. தட்டடவைச் சத்தமில்லாமல் போட்டுப் பழகினேன். செய்து பார், தெரியும். பாதம் தரையைத் தொடும்வரை உடம்பின் முழுப் பாரத்தையும் தொடைதான் தாங்க வேண்டும். அரைமண்டி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பின்னாளில் முதல் பஸ் பிடித்துப் பெங்களூருக்கு மேல்நாட்டு நடனம் கற்கப் போனேன். அரைமண்டியை மறந்துவிடு என்றார் அங்கே ஓர் ஆசிரியர். இரண்டு வருஷம் மறக்கப் பார்த்தேன். தரையில் இறங்கும்போதெல்லாம் என்னைத் தாங்கியது அதே தொடைதான். பாரம் எங்கே இறங்குகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு ஊர்ப்பெயர் கிடையாது.

நடனக் கலைஞர் சந்திரலேகாவைப் பற்றிப் படித்திருப்பாய். காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையின் மாணவி. 1952இல் ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக ஆடியபோது யமுனையின் நீர்விளையாட்டை அபிநயித்துக் கொண்டிருந்தார். வெளியே வெடித்த நிலமும் தண்ணீருக்கு நிற்கும் ஜனங்களும் நடுவில் நினைவுக்கு வந்து மனம் உறைந்துபோனதாகப் பின்னாளில் சொன்னார். அந்த முள்ளோடு பல வருஷம் இருந்துவிட்டு 1985இல் 'அங்கிகா' செய்தார். பரதமும் களரியும் யோகமும் அதில் ஒரே முதுகெலும்பில் நிற்கின்றன. உதயசங்கரையும் பார். 1923இல் லண்டனில் அன்னா பாவ்லோவாவோடு ஆடியவர். மேல்நாட்டு மேடையை உள்ளும் புறமும் அறிந்தவர். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்து 1948இல் வெளியான அவருடைய 'கல்பனா' படத்தில் மனிதர்களே இயந்திரமாக அசையும் காட்சி உண்டு. எந்தக் கை எந்த நாட்டு அசைவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய விஷயம் அவர்களை நெருக்கியது. அசைவு அதன் பின்னால் வந்தது.

உனக்கும் அது வந்திருக்கிறது. கடைசி நான்கு நிமிடத்தைச் சொல்கிறேன். விடிகாலை, கம்பெனி வேன். அந்தப் பெண் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். மடியில் கிடக்கும் கை மட்டும் திருகாணி முடுக்கிக்கொண்டே இருக்கிறது. கடகாமுக முத்திரைதான் அது, திருகாணியைப் பிடித்த விரல்களும் அதுதான். எந்த இடத்தில் முத்திரை வேலையானது என்று எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வருஷமாக நாட்டியம் பார்க்கிறேன். இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. அழுதேன்.

அந்தக் கைக்குப் பாதியில் நிற்கத் தெரியவில்லை. உன் காலும் அதனிடம் கற்றுக்கொள்ளட்டும். இந்த நாட்டியத்தை மறுபடி செய். ஒரு மாதம் பக்கத்து அறையில் ஒருவர் தூங்குவதாக நினைத்துச் சத்தமில்லாமல் தட்டடவு போடு. அப்புறம் சலங்கை கட்டிக்கொண்டே தரையில் உருளு. அது தாளத்தில் ஒலிக்காது. உன் பாரம் எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டே வரும். அந்தச் சத்தத்தைக் கேட்க வருகிறேன். தேதி எழுது.