சான் அன்டோனியோவிலிருந்து ஒரு பகல் தூரம்

டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ, இரண்டு நிலங்கள் சந்திக்கும் விளிம்பில் அமைந்த ஊர். வடமேற்கே 'ஹில் கன்ட்ரி' எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம்; தென்கிழக்கே கடல் வரை சமவெளி. மேட்டில் பெய்யும் மழை பாறை வெடிப்புகள் வழியாக இறங்கி நிலத்தடியில் தேங்குகிறது; விளிம்பு முறியும் இடங்களில் ஊற்றாக வெளியே வருகிறது. அந்த ஊற்றுகளை நம்பித்தான் 1718-இல் ஸ்பானியர்கள் இங்கே ஒரு மிஷனையும் காவற்படைத் தளத்தையும் நிறுவினார்கள். நகரத்தைச் சுற்றி ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஆறுகள், குகைகள், பழைய ஜெர்மானிய ஊர்கள் பலவும் இந்தக் கல்லும் நீரும் கொடுத்தவை. இதைத் தெரிந்துகொண்டு திட்டமிட்டால், எந்தத் திசையில் எப்போது போவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதல் பயணம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அலமோ என்று உலகம் அறிந்த கட்டடம் 1718-இல் தொடங்கிய மிஷன்தான். 1836-இல் நடந்த போர் அதற்குப் புகழ் தந்தது. அங்கே படம் எடுத்துக்கொண்டு, 'ரிவர் வாக்' என்ற ஆற்றோர நடைபாதையில் நடந்து, ஊரைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுபவர்கள் அதிகம். தெற்கே ஆற்றோரமாகச் சில மைல் இடைவெளிகளில் கன்செப்சியோன், சான் ஹோசே, சான் ஹுவான், எஸ்படா என்று இன்னும் நான்கு மிஷன்கள் உள்ளன. ஐந்தும் சேர்ந்து 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாயின. தெற்கிலுள்ள நான்கும் தேசியப் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை. நான்கிலும் இன்றும் ஞாயிறு வழிபாடு நடக்கிறது.

எஸ்படாவுக்குச் சற்று முன்னால் ஒரு சிறிய கல் தொட்டிப்பாலம் இருக்கிறது. ஓடைக்கு மேலே இரண்டு வளைவுகள், அவற்றின் மேல் ஒரு வாய்க்கால். 1740-களில் கட்டி முடிக்கப்பட்ட அதில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. ஸ்பானியர்கள் 'அசேக்கியா' என்று அழைத்த பாசன முறை இது. ஆற்றில் அணை கட்டித் தண்ணீரைத் திருப்பி, வாட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டி, வயலுக்கு முறை வைத்துப் பாய்ச்சினார்கள். காவிரிப் பாசனத்தில் வளர்ந்த ஒரு தாத்தாவை இங்கே அழைத்துவந்தால் விளக்கவே வேண்டியதில்லை. மதகு எங்கே, கடைமடை எங்கே என்று அவரே கேட்கத் தொடங்குவார். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு முதலில் காட்ட வேண்டிய இடம் அலமோவை விட இதுதான். காலை எட்டரைக்குள் போனால் வெயிலும் இராது, கூட்டமும் இராது.

நகரத்தை விட்டு வெளியே போகும் பயணங்களுக்கு, பலமுறை போய்வந்த குடும்பங்கள் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது: ஒரு நாளைக்கு ஒரு திசை, ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் இல்லை, ஒரு பெரிய இடம், வழியில் ஒரு சிறிய இடம். காலையில் வடக்கே பிரெடரிக்ஸ்பர்க், மாலையில் வடகிழக்கே ஆஸ்டின் பாலத்து வௌவால்கள் என்று திட்டம் போட்டால் நாள் முழுவதும் காரிலேயே போய்விடும். வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் 38 டிகிரி செல்சியஸ் வரை போவதும் உண்டு. இந்தியாவிலிருந்து பெற்றோர் வந்து தங்குவதும், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான். அதனால் கோடைப் பயணத்தில் நடக்க வேண்டியதையெல்லாம் காலை பதினொன்றுக்குள் முடித்துக்கொண்டு, பிற்பகலை அருங்காட்சியகம், குகை, தண்ணீர் என்று நிழலான இடத்துக்கு ஒதுக்குவது நல்லது.

மிக எளிய திசை வடகிழக்கு. ஐ-35 சாலையில் 30 மைல் போனால் நியூ பிரான்ஃபெல்ஸ். 1845-இல் ஜெர்மானியக் குடியேறிகளுக்காக ஓர் இளவரசர் நிறுவிய ஊர். இங்கே கிளம்பும் கோமால் ஊற்று டெக்சஸிலேயே பெரியது. அதிலிருந்து பிறக்கும் கோமால் ஆறு சுமார் இரண்டரை மைல் ஓடி குவாடலூப் ஆற்றில் கலந்துவிடுகிறது. ஊற்று நீர் என்பதால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 22 டிகிரிதான். ஆகஸ்ட் வெயிலில் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து மிதக்க வரும் கூட்டம் இதற்காகத்தான் வருகிறது. நகர எல்லைக்குள் ஆற்றின் மீது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் டப்பா, பாட்டில்களைக் கொண்டுபோக அனுமதி இல்லை. எவர்சில்வர் டப்பாவுக்குத் தடையில்லை. சனிக்கிழமை மதியம் அங்கே சத்தமும் குடியும் அதிகம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வாரநாள் காலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதே பக்கத்தில் நேச்சுரல் பிரிட்ஜ் குகைகள். 1960-இல் நான்கு கல்லூரி மாணவர்கள் கண்டுபிடித்தவை. உள்ளே எப்போதும் 21 டிகிரி, ஆனால் ஈரப்பதம் மிக அதிகம். பாதை சுமார் 180 அடி ஆழம் வரை இறங்கி ஏறுகிறது, தரை ஈரம். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் இறங்கிவிட்டு ஏற முடியாமல் திணறுவது உண்டு. அவர்களைக் கட்டாயப்படுத்தாமல் மேலே நிழலில் உட்காரவைப்பதே சரி.

ஒரு பகல் முழுவதையும் கொடுக்கத் தகுந்தது வடக்குத் திசைதான். 281-ஆம் எண் சாலையில் ஜான்சன் சிட்டி, அங்கிருந்து 290-இல் மேற்கே ஸ்டோன்வால், பிரெடரிக்ஸ்பர்க், திரும்பும்போது 87-ஆம் சாலையில் கம்ஃபர்ட், பிறகு ஐ-10 வழியாக போர்னி, வீடு. போன வழியே திரும்பாத இந்த வளையம் ஹில் கன்ட்ரியை முழுவதுமாகக் காட்டிவிடும்.

ஸ்டோன்வாலில் அமெரிக்காவின் 36-ஆம் அதிபர் லிண்டன் ஜான்சனின் பண்ணை இருக்கிறது. பெடர்னாலிஸ் ஆற்றங்கரை, ஓக் மரங்கள், ஒரு சிறிய குடும்ப இடுகாடு. 1908-இல் அவர் பிறந்த இடத்துக்கு அருகிலேயே 1973-இல் அடக்கம் செய்யப்பட்டார். எதிர்ப்புறம் உள்ள மாநிலப் பூங்காவில் இலவச அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு காரிலேயே பண்ணைக்குள் சுற்றலாம்; நடக்க முடியாதவர்களுக்கு ஏற்ற இடம். இந்தியர்களுக்கு இந்த இடம் சொந்தமானது என்றுகூடச் சொல்லலாம். 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் குடியேற இடம். பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கீடு செய்யும் அந்த முறையை ஒழித்த 1965 குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஜான்சன். டெக்சஸில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தக் கையெழுத்தே வாசல். பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல அந்த இடுகாட்டின் கைப்பிடிச் சுவரை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. அவர் சிறுவயதில் படித்த ஜங்ஷன் பள்ளியும் அருகில்தான். அதே 1965-இல், தம் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் அமரவைத்துக்கொண்டு, கல்விக்கு நிதி வழங்கும் சட்டத்தில் அங்கேதான் கையெழுத்திட்டார்.

ஸ்டோன்வால் முதல் பிரெடரிக்ஸ்பர்க் வரை மே பாதியிலிருந்து ஜூலை வரை சாலையோரம் பீச் பழக் கடைகள். 1846-இல் உருவான பிரெடரிக்ஸ்பர்க்கில் பசிபிக் போர் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடற்படையை நடத்திய செஸ்டர் நிமிட்ஸ் இந்த ஊர்க்காரர். முழுதாகப் பார்க்க மூன்று மணி நேரமாவது ஆகும்.

ஊருக்கு வடக்கே 17 மைலில் என்சான்டட் ராக். மதுரை யானைமலையைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் உடனே பிடிபடும்: மரமில்லாத வழவழப்பான ஒற்றைக் கருங்கல் குன்று, நிறம் மட்டும் இளஞ்சிவப்பு. தரையிலிருந்து 425 அடி உயரம், வயது 100 கோடி ஆண்டுக்கு மேல். உச்சிக்குப் படிகள் கிடையாது. பாறையின் சரிவிலேயே ஏற வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் சொல்லும். உச்சியில் தண்ணீர் கிடையாது, நிழலும் கிடையாது. பத்து மணிக்கு மேல் பாறை சூடேறிவிடும். இடம் நிரம்பியதும் வாயிலை மூடிவிடுவார்கள். அக்டோபர் சனிக்கிழமை ஒன்றில் முன்பதிவில்லாமல் போய், இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு வாயிலிலேயே திரும்பிய குடும்பங்களின் கதை ஒன்றிரண்டு அல்ல. டெக்சஸ் மாநிலப் பூங்காக்களுக்கு 30 நாள் முன்பிருந்தே இணையத்தில் நாள்நுழைவு பதிவு செய்யலாம். 70 டாலர் ஆண்டு பாஸ் ஒன்று இருந்தால் அதே காரில் வருகிற எல்லோருக்கும் கட்டணமில்லை. ஆனால் பாஸ் இருந்தாலும் பதிவு தனியாகச் செய்தாக வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். குன்றையும் அருங்காட்சியகத்தையும் பண்ணையையும் ஒரே நாளில் அடைக்கக் கூடாது. குன்று ஒரு நாள், மற்றவை இன்னொரு நாள்.

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரை இந்தச் சாலைகளின் இருபுறமும் புளூபானட் பூத்திருக்கும். 1901 முதல் மாநிலப் பூ. பட்டுப்பாவாடை கட்டிய பெண்குழந்தையைப் பூக்களுக்கு நடுவே உட்காரவைத்துப் படம் எடுப்பது டெக்சஸ் தமிழர்களுக்கும் வழக்கமாகிவிட்டது. உட்காரும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும்: பாம்பும் நெருப்பெறும்பும் உண்டு. வேலிக்கு அந்தப்பக்கம் தனியார் நிலம், தாண்டக் கூடாது.

இந்த அழகிய நிலத்துக்கு இன்னொரு முகம் உண்டு. வளைகுடாவின் ஈரக்காற்று மேட்டுநிலத்தின் விளிம்பில் மோதி எழுந்து திடீரென்று கொட்டுகிறது. பாறை மேல் மண் மெல்லியது, நீர் உறிஞ்சப்படுவதில்லை. சில நிமிடங்களில் ஓடை ஆறாகிறது. 2002 ஜூலையில் கேன்யன் ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம், சில நாளில் ஒரு மைல் நீளத்துக்குப் பாறையை அறுத்துப் புதுப் பள்ளத்தாக்கையே உண்டாக்கிவிட்டது. வழிகாட்டியோடு இன்று அதைப் பார்க்கலாம். 2025 ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப் ஆறு ஒரு மணி நேரத்துக்குள் இருபது அடிக்கு மேல் உயர்ந்தது. அந்த வெள்ளத்தில் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். முகாமுக்கு வந்திருந்த சிறுமிகளும் அவர்களில் அடக்கம்.

ஹில் கன்ட்ரியின் கிளைச்சாலைகள் ஓடைகளைத் தரைப்பாலத்தில்தான் கடக்கின்றன. பக்கத்தில் அடிக்கணக்கு எழுதிய கம்பம் நட்டிருப்பார்கள். ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே பல கார்களைத் தூக்கிவிடும். இரண்டு அடி மினிவேனையும் அடித்துச் செல்லும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் ஆழம் பார்க்காமல் திரும்பிவிட வேண்டும், ஒரு மணி நேரம் சுற்றிப் போனாலும் சரி. மேற்கே மழை எச்சரிக்கை இருந்தால், தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் ஆற்றங்கரைத் திட்டத்தைத் தள்ளிப்போடுவதே அறிவு. உள்ளே போகப் போகக் கைப்பேசி சிக்னல் போய்விடும்; வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை சைவக் குடும்பங்களுக்குக் கட்டுச்சோறே கைகொடுக்கும். பிரெடரிக்ஸ்பர்க் என்றால் ஜெர்மானிய சாசேஜ், லாக்ஹார்ட் என்றால் பார்பிக்யூ. மெக்சிகன் கடைகளில் சைவம் போலத் தெரியும் மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பும், சோற்றில் கோழிச்சாறும் சேர்ப்பது பழைய வழக்கம். கேட்டுவிட்டு வாங்க வேண்டும். தயிர்சாதம் மதியத்தில் புளிக்காமலிருக்க, சூடான சோற்றைக் குழையப் பிசைந்து பால் தாராளமாக விட்டு, ஆறியதும் ஒரே ஒரு கரண்டி தயிர் கலந்தால் போதும். பன்னிரண்டு மணிக்குப் பதமாக உறைந்திருக்கும். ஐஸ் பெட்டியில் வைத்தால் உறையாது, தனியே வைக்க வேண்டும். புளியோதரைக்கு எந்தக் கவலையும் இல்லை. கழிப்பறைக்கு ஐ-35-இல் நியூ பிரான்ஃபெல்ஸிலும், ஐ-10-இல் லூலிங்கிலும் உள்ள பக்-ஈஸ் கடைகளை எல்லோருமே நம்புகிறார்கள். பாட்டிகளும் குறை சொல்லாத சுத்தம்.

வடமேற்கே போகிற பண்டேரா சாலையில் ஹெலோட்டஸ் இந்துக் கோயில் இருக்கிறது. காலையில் தரிசனம் முடித்துக்கொண்டு அதே சாலையில் பண்டேரா போய், நேரமிருந்தால் லாஸ்ட் மேப்பிள்ஸ் பூங்கா வரை தொடரலாம். டெக்சஸில் இலையுதிர்காலச் சிவப்பைக் காண ஏற்ற இடம், அக்டோபர் கடைசி முதல் நவம்பர் பாதி வரை. கோடையில் அங்கே போவதில் பெரிய பயனில்லை. மேற்கே 25 மைலில் உள்ள காஸ்ட்ரோவில் அல்சேஸ் மக்கள் 1844-இல் குடியேறிய ஊர்; அரை நாள் போதும்.

கடலுக்கு ஐ-37-இல் கார்ப்பஸ் கிறிஸ்டி, சுமார் 145 மைல். இரண்டு மணி நேரக் கணக்கைச் சற்றே மீறினாலும் நேரான சாலை, ஓட்டுவது சிரமமில்லை. குளிர்காலத்தில் அதற்கு அப்பால் உள்ள அரான்சாஸ் சரணாலயத்துக்குக் கனடாவிலிருந்து ஹூப்பிங் கிரேன் என்ற நெடிய வெள்ளைக் கொக்குகள் வருகின்றன; 1941-இல் உலகத்திலேயே இருபது சொச்சம்தான் மிஞ்சியிருந்தன. இதற்கு ஓர் இரவு தங்குவது நல்லது. ஹூஸ்டனை அடுத்த பேர்லேண்ட் மீனாட்சி அம்மன் கோயிலும் அப்படித்தான். 200 மைல் போய் உச்சிக்கால பூஜை பார்த்து அன்றே திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். தனி ஒருவர் ஓட்டுவதானால் அது வேண்டாம்.

எந்தத் திசையானாலும் ஹில் கன்ட்ரியின் இருவழிச் சாலைகளை இருட்டும் முன்பே கடந்து பெருஞ்சாலைக்கு வந்துவிட வேண்டும். அந்திப்பொழுதில் மான்கள் மேய்ச்சலுக்குக் கிளம்பி, ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையைக் கடக்கும். ஒரு மான் தாண்டிப் போய்விட்டால் உடனே வேகமெடுக்கக் கூடாது, பின்னால் இன்னொன்று வரும். குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாமல் நேராகவே பிரேக் பிடிக்க வேண்டும்.