மலை ஏறினால் போதுமா?

“தினமும் மலை ஏறி இறங்குறோம், எங்களுக்கு என்னத்துக்கு உடற்பயிற்சி?” என்று நம்மில் பலர் கேட்கிறோம். நியாயமான கேள்விதான்.

ஆனால் உடம்புக்கு இரண்டு வகைப் பயிற்சி வேண்டும். மூச்சு வாங்க நடப்பது இருதயத்துக்கு நல்லது. தசைகளைப் பலப்படுத்துவது இடுப்பையும் முழங்காலையும் தாங்கும். வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் வேகநடை, 2 நாள் தசைப் பயிற்சி என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு.

கொழுந்து எடுப்பவர்களுக்கு நடை வேலையிலேயே கிடைத்துவிடும். ஆனால் நாள் முழுக்க ஒரே மாதிரி நின்று கூடை சுமந்தால் கழுத்தும் இடுப்பும் களைத்துத்தான் போகும். வேலையை விட்டு நின்றதும் அந்த நடையும் நின்றுபோகுது. சோறும் ரொட்டியும் மட்டும் குறைவதில்லை! சீனி வியாதியும் பிரஷரும் எட்டிப் பார்ப்பது அப்போதுதான்.

ஆகவே இப்படிச் செய்து பார்ப்போம்:

1. வேலையில் நடை இல்லாதவர்கள் வாரம் 5 நாள், 30 நிமிடம் நடக்கவும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

2. எல்லோரும் செவ்வாயும் வெள்ளியும் இஸ்தோப்புச் சுவரில் கை வைத்து 10 தடவை தள்ளவும். வாங்கில் இருந்து கை ஊன்றாமல் 10 தடவை எழும்பவும். சுவரைப் பிடித்து 10 தடவை குதிக்காலை உயர்த்தவும்.

முதல் வாரம் 5 தடவை போதும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி டாக்டரிடம் போகவும். வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் முதலில் அவரைக் கேட்டுக்கொள்ளவும்.

வயசான காலத்தில் யாரும் கை கொடுக்காமல் நாமே எழும்பி நடக்கணும் இல்லையா? அதற்கு இன்றைக்கே தொடங்குவோம்.