விழுங்குதலும் அயனிக் கால்வாய்களும்

உணவை நா பின்னே தள்ளும் வரையில்தான் விழுங்குதல் நம் இச்சைக்கு உட்பட்டது. அப்பால் நிகழ்வது அனிச்சைச் செயலாகும். தொண்டையிலும் குரல்வளையிலும் உள்ள உணர்வு நரம்பு முனைகளில் அயனிக் கால்வாய்கள் என்னும் நுண்ணிய புரதங்கள் உள்ளன. அவற்றுள் டி.ஆர்.பி.வி.1 என்பது சுமார் 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தாலும், மிளகாயின் காரப்பொருளாகிய காப்சைசினாலும் திறக்கும். (காரம் சுடுவதுபோல் தோன்றுவது இதனாலேயே.) அது திறந்ததும் சோடியம், கால்சியம் அயனிகள் உட்புக, எழும் மின்துடிப்புகள் மேல் குரல்வளை நரம்பின் வழியே முகுளத்தை அடைகின்றன. முகுளம் சுவாசத்தைக் கணநேரம் நிறுத்திக் குரல்வளையை மூடுவிக்கிறது.

முதியோர் சிலரிடம் இவ்வுணர்வு மங்குவதால் விழுங்குதல் தாமதித்து, உணவு மூச்சுக்குழலில் புகுந்து நிமோனியா காண்பதுண்டு. மிகச் சிறிதளவு காப்சைசின் இத்தாமதத்தைக் குறைப்பதை ஜப்பானிய மருத்துவர்கள் 1993-இல் காட்டினர். டேவிட் ஜூலியஸ் குழுவினர் இக்கால்வாயைக் கண்டறிந்ததோ 1997-இல்தான்.