லடாக் பைக் பயணம்: எந்த வழி, எந்த மாதம், எந்த வண்டி?

லடாக் போவதென்று முடிவானதும் நம்மவர்கள் முதலில் பேசுவது வண்டியைப் பற்றித்தான். ஹிமாலயன் வாங்கலாமா, கே.டி.எம். போதுமா, வீட்டில் நிற்கிற புல்லட்டே தாங்குமா என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதம் ஓடிவிடும். அடுத்து ஜாக்கெட், பூட்ஸ், கேமரா. கிளம்புகிற வாரத்தில்தான் 'ஆமா, எந்த வழியாப் போறோம்?' என்று யாராவது கேட்பார்.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிக உயரமான இடங்களில் ஒன்றான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். சமவெளியில் வளர்ந்த உடம்பு எந்த இரவு எந்த உயரத்தில் படுக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பயணம் இனிப்பதும் கசப்பதும். அதைத் தீர்மானிப்பது வழி. ஆகவே வழியை முதலில் முடிவு செய்யுங்கள், மாதம் அடுத்தது, வண்டி கடைசி.

ஸ்ரீநகர் வழியா, மணாலி வழியா?

தூரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே ஏறக்குறைய 420 முதல் 430 கி.மீ. வித்தியாசமெல்லாம் உயரத்தில் இருக்கிறது.

ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர். அங்கிருந்து சோனாமார்க், ஜோஜிலா, திராஸ் வழியாக கார்கில். சோனாமார்க்கில் படுத்தாலும் கார்கிலில் படுத்தாலும் உயரம் 2,700 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஜோஜிலா கணவாய் 3,528 மீட்டர். இந்தச் சாலையின் உச்சியான ஃபோட்டு லா 4,108 மீட்டர். இரண்டையும் பகலில் ஏறி, பகலிலேயே இறங்கிவிடலாம். வழிநெடுக ஊர்கள் உண்டு. பங்க், மெக்கானிக், ஆஸ்பத்திரி, சூடான சாப்பாடு எல்லாம் கிடைக்கும். 2025 ஜனவரியில் 6.5 கி.மீ. நீளமுள்ள சோனாமார்க் சுரங்கப்பாதை திறந்தபின் அந்தப் பகுதி இன்னும் எளிதாகிவிட்டது. சிரமம் ஜோஜிலாவில்தான். அங்கே சுரங்கப்பாதை வேலை இன்னும் நடக்கிறது. மழையோ பனி உருகலோ இருந்தால் சேறு சக்கரத்தை விழுங்கும். அமர்நாத் யாத்திரை நாட்களில் போக்குவரத்துக் கட்டுப்பாடும் கூடும்.

மணாலி 2,050 மீட்டர். 2020 அக்டோபரில் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கப்பாதையைக் கடந்து, கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ முதல் இரவு. ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர். அதுவரை சிக்கல் இல்லை. அடுத்த நாள் பாராலாச்சா லா கணவாயை ஏறி இறங்கினால் பெரும்பாலானோர் படுப்பது சர்ச்சு கூடாரங்களில். அந்த இடம் 4,290 மீட்டர்.

3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஜிஸ்பாவிலிருந்து சர்ச்சுவுக்கு ஒரே தாவலில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். சாயங்காலம் தலை லேசாக வலிக்கும். ராஜ்மா சாதம் தட்டில் இருக்கும், வாய்க்குள் போகாது. கம்பளிக்குள் கண் அயர்ந்ததும் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கும். காற்று கூடாரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. சர்ச்சுவிலிருந்து முன்னே போனாலும் பின்னே போனாலும் கணவாய் ஏறித்தான் இறங்க முடியும்.

ஆனால் அழகு என்று கேட்டால் மணாலி சாலைக்கு ஈடில்லை. 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா லூப்ஸ், 5,000 மீட்டர் தாண்டிய லாச்சுங் லா, பாங் தாண்டி நாற்பது கி.மீ. நீளும் மோரே சமவெளி, 5,328 மீட்டரில் தாங்லாங் லா என்று ஒவ்வொன்றும் காணவேண்டியவை.

ஆகவே ஸ்ரீநகர் வழியாகப் போய் மணாலி வழியாகத் திரும்புங்கள். ஒரு வாரம் லடாக்கில் இருந்து உடம்பு பழகிய பிறகு சர்ச்சு அவ்வளவாகப் படுத்தாது. காட்சிகளையும் தலைவலி இல்லாமல் பார்க்கலாம். மணாலி வழியாகத்தான் போயாக வேண்டுமென்றால் ஜிஸ்பாவில் இரண்டு இரவாவது தங்குங்கள்.

தார்ச்சாவிலிருந்து ஷிங்கு லா, பதும் வழியாக நிம்முவுக்குப் போகும் மூன்றாவது சாலையும் 2024-இல் இணைக்கப்பட்டுவிட்டது, 298 கி.மீ. முதல் முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம். சாலை முழுமையாக முடியட்டும்.

எந்த மாதம்?

ஜூனில் போனால் சாலையின் இருபுறமும் பனிச்சுவர் நிற்கும். படங்கள் அபாரமாக வரும். கூடவே பனி உருகி ஓடும், நாலா எனப்படும் ஓடைகளும் நிறைய இருக்கும். காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற தண்ணீர் வெயில் ஏறியபின் முழங்காலைத் தொடும். நாலா இருக்கும் நாளில் விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும்.

ஜூலை, ஆகஸ்ட் பலரை ஏமாற்றும் மாதங்கள். லடாக் மழை மறைவுப் பகுதி. அங்கே பெரிதாக மழை இராது. ஆனால் அங்கே போய்ச் சேர இமாச்சலையோ ஜம்முவையோ கடந்தாக வேண்டும். அங்கே பருவமழை உச்சத்தில் இருக்கும். 2023 ஜூலையில் பியாஸ் நதி குலு–மணாலி சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது.

செப்டம்பரில் மழை ஓய்ந்துவரும், நாலாக்கள் வற்றும், வானம் துல்லியமாக இருக்கும். இரவுக் குளிர் மட்டும் கடுமை. விடுப்பு உங்கள் கையில் இருந்தால் செப்டம்பரின் முதல் மூன்று வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். கோடை விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் ஜூனில், ஸ்ரீநகர் சாலையிலேயே போய்த் திரும்பலாம்.

சொந்த வண்டியா, வாடகையா?

இங்கே விடுப்பு நாட்கள்தான் கணக்கு.

பத்து நாள்தான் கிடைக்கும் என்றால் விமானத்தில் லே போய் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். கடல் மட்டத்திலிருந்து சில மணி நேரத்தில் 3,500 மீட்டர் ஏறுவதால் முதல் இரண்டு நாள் அறையிலும் அக்கம்பக்கத்திலும் கழியட்டும். கர்துங் லா கணவாயை மூன்றாம் நாளுக்கு முன் நினைக்கவே வேண்டாம். மணாலியில் எடுத்த வாடகை வண்டி லே வரை வரும். பாங்காங் ஏரி, நுப்ரா பள்ளத்தாக்கு பக்கம் போனால் உள்ளூர் வாடகை வண்டிச் சங்கத்தினர் தடுப்பார்கள். இது தெரியாமல் அங்கே இரண்டாவது வாடகை கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

பதினாறு, பதினெட்டு நாள் என்றால் சொந்த வண்டியை ரயிலில் ஏற்றுங்கள். நீங்கள் போகிற ரயிலிலேயே டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகவும் ஏற்றலாம், பார்சலாகத் தனியாகவும் அனுப்பலாம். ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் வேண்டும். டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது. கண்ணாடிகளை நீங்களே கழற்றி பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாக்கு சுற்றுபவர் ஹெட்லைட்டுக்கும் டேங்குக்கும் அட்டை வைத்துக் கட்டுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கிளட்ச், பிரேக் லீவர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இறக்கும்போது உடைவது அதுதான். வண்டி உங்களோடு வந்து சேராமல் அடுத்த ரயிலில் வருவதும் நடக்கும். ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கணக்கில் விடுப்பு உள்ளவர்கள் ஓட்டியே போகலாம். சென்னையிலிருந்து ஸ்ரீநகர் மூவாயிரம் கி.மீ.க்கு மேல். அதில் பெரும்பகுதி வெயிலும் லாரியும் நிறைந்த நான்கு வழிச்சாலை. மலை ஏறும் முன்பே களைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்டி?

மணாலி சாலையில் தண்டி பங்கில் ஒரு பலகை பிரசித்தம்: அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில் என்று எழுதியிருக்கும். வண்டித் தேர்வின் முதல் கேள்வி அந்தப் பலகைதான். டேங்க் கொள்ளளவை ஊரில் கிடைக்கும் மைலேஜால் பெருக்கி, அதில் கால் பங்கைக் கழித்துப் பாருங்கள். 13 லிட்டர் டேங்க் உள்ள கிளாசிக் 350, லிட்டருக்கு 35 கி.மீ. கொடுத்தால், கழித்தபின் 340 கி.மீ. சொச்சம்தான் தேறும், ஐந்து லிட்டர் கேன் கட்டாயம். 17 லிட்டர் பிடிக்கும் ஹிமாலயன் 450-க்கு லிட்டருக்கு 28 கிடைத்தாலே 350 தாண்டிவிடும். ஆனாலும் 365-ஐ எட்டாது, கேன் இருந்தால் நிம்மதி. 9.8 லிட்டர் டேங்க் உள்ள ஸ்ப்ளெண்டர் கேன் இல்லாமலே போய்ச் சேரும்.

அடுத்தது காற்று. 5,000 மீட்டருக்கு மேல் ஆக்சிஜன் பாதியளவுதான் கிடைக்கும். என்ஜினுக்கும் அதே கதி. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் விகிதம் கூடி, இழுவை குறைந்து, புகை வரும். ஃபியூவல் இன்ஜெக்ஷன் காற்றுக்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அதிலும் சக்தி குறையத்தான் செய்யும். 100 சி.சி. வண்டி தனி ஆளை ஏற்றிவிடும். பின்னால் ஒருவரும் இரண்டு பையும் இருந்தால் கணவாயில் பின்னவர் இறங்கி நடக்க வேண்டிவரும்.

இரண்டு பேராகப் போனால் 350 சி.சி.க்குக் குறையாமல், தனியாகப் போனால் 150 சி.சி. கூடப் போதும். இதற்கென்று புது வண்டி வாங்க வேண்டியதில்லை. கிளட்ச் கேபிளை நீங்களே மாற்றத் தெரிந்த, பஞ்சர் ஒட்டத் தெரிந்த பழைய வண்டி, கைபழகாத விலையுயர்ந்த வண்டியைவிட மேல்.

கிளம்பும் முன்

பிற மாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எடுத்துச் செல்லுங்கள். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கட்டும். கையில் ரொக்கம் வேண்டும். எல்லைப்புற அனுமதி விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன. லே நிர்வாகத்தின் இணையதளத்தில் கிளம்பும் வாரத்தில் பாருங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள தமிழர்களுக்கு நுப்ரா, பாங்காங் செல்லத் தனி அனுமதி தேவை. உயர நோய்க்கான 'டயாமாக்ஸ்' மாத்திரையை நண்பர் சொன்னார் என்று விழுங்காதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம், மருத்துவரைக் கேளுங்கள். தலைவலி இருந்தால் மேலே ஏறாதீர்கள். தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறலோ வந்தால் நள்ளிரவானாலும் கீழே இறங்குங்கள்.

கடைசியாக, விடுப்பு விண்ணப்பத்தில் திட்டத்தைவிட இரண்டு நாள் கூட்டி எழுதுங்கள். மண் சரிந்தால் சாலையைத் திறக்க எவ்வளவு நேரமாகும் என்று யாரும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை ஆபீஸ் என்ற அவசரத்தில் இருட்டில் கணவாய் ஏறாதீர்கள்.